இரண்டாவது தட்டு

வெயில் சதுரம் சுவரில் ஒன்பதாவது செங்கலுக்கு வந்துவிட்டது. அது பன்னிரண்டாவது செங்கலைத் தொடும்போது காவல்காரன் குல்ஜமான் பிற்பகல் தொழுகையை முடித்துக்கொண்டு கடிதம் வாங்க வருவான். கைக்கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்ட இந்த எட்டு மாதத்தில் எத்திராஜ் தானே செய்துகொண்ட கடிகாரம் இது. மேலே கம்பி போட்ட ஒரு ஜன்னல், எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், ஒரு செங்கலுக்கு இருபத்தைந்து நிமிஷம். ஆக, இன்னும் ஒன்றேகால் மணி நேரம். நேரத்தையும் திசையையும் கணக்குப் போடுவதே தொழிலாக இருந்தவன் அவன். குண்டு போடும் விமானத்தில் ஓட்டுகிறவனுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, ‘இத்தனை நிமிஷத்தில் திரும்பு, இந்த வினாடியில் போடு’ என்று சொல்லுகிற நேவிகேட்டர். எதிரி நாட்டுச் சிறையில் கொண்டுவந்து அடைத்தாலும் அந்தப் புத்தி மட்டும் அடங்குவேனா என்கிறது. மடியில் பலகை, பலகைமேல் தாள். தாளில் இருபது கோடு. ஆங்கிலத்தில் மட்டுமே எழுதவேண்டும் என்பது முகாம் சட்டம். ‘டியர் மிஸஸ் குற்றாலிங்கம்’ என்று எழுதி ஒரு கமா போட்டு அரைமணி ஆகிறது. அதற்கு மேல் பென்சில் நகர மாட்டேன் என்கிறது. அவள் கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. என் புருஷன் இருக்காரா, இல்லையா? ஒரு வார்த்தையில் பதில். அந்த ஒரு வார்த்தைக்கு இருபது கோடு எதற்கு, பத்தொன்பது கோடு வீண்தானே என்று நினைத்தான். உடனே, சீ, என்ன நினைப்பு இது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை தாளில் விழுந்து கமாவை ஊறவைத்தது. துடைத்தான். இன்னும் அசிங்கமாயிற்று. வெளியே முற்றத்தில் மற்ற கைதிகள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து பொத்து பொத்தென்று விழும் சத்தம். யாரோ ஒரு சர்தார் எண்ணிக்கையைக் கத்தினார். எத்திராஜுக்கு அந்தப் பொத்து ஒவ்வொன்றும் எங்கேயோ போய்ப் பட்டது. எங்கே என்று அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி ஜன்னலைப் பார்த்தான்.

அவள் கடிதம் சட்டைப்பைக்குள் இருந்தது. மார்ச்சில் எழுதியது, ஆகஸ்டில் வந்து சேர்ந்திருக்கிறது. தமிழில் எழுதிவிட்டாள், பாவம். இங்கே ஆபீசில் ஒருத்தனுக்கும் தமிழ் தெரியாது. என்ன ரகசிய பாஷையோ என்று பயந்து, எந்தெந்த ஊருக்கோ அனுப்பி, தமிழ் படிக்கிற ஆளைத் தேடிப் பிடித்து, அவன் படித்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு ஆறேழு முத்திரையோடு வந்தது. அதற்குள் ஒரு கோடை போய்விட்டது. இனி எடுத்துப் படிக்கவேண்டியதில்லை, மனப்பாடம். ‘அண்ணாச்சி அவர்களுக்கு உலகம்மை எழுதிக்கொண்டது. இங்கு மாமா, அத்தை, நான் சுகம். உங்கள் பேர் கைதிகள் பட்டியலில் வந்துவிட்டதென்று மாமா சொன்னதும் கோயிலுக்குப் போய் உங்களுக்கும் ஒரு அர்ச்சனை பண்ணினேன்.’ உங்களுக்கும். அந்த ‘உம்’மில் எத்திராஜ் ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழுவான். ‘இவுக பேர் பட்டியலில் இல்லை. ஆனால் டிசம்பரில் அந்த நாட்டு ரேடியோவில், விமானத்தில் இருந்த ரெண்டு பேரும் குதித்துவிட்டார்கள், முதலில் குதித்தவரைத் தேடுகிறோம், பிடிபட்டவரே சொன்னார் என்று சொன்னதை மாமா தன் காதால் கேட்டார்கள். அந்தப் பிடிபட்டவர் நீங்கள்தானே. எங்கம்மா வந்து என் நெற்றியைப் பார்த்துப் பார்த்து அழுதுவிட்டுப் போகிறாள். பெரியவர்கள் காரியம் பண்ணிவிடலாம் என்கிறார்கள். மாமா மட்டும், எத்திராஜ் சொன்னா சொன்னதுதான், அவன் பொய் சொல்லுத ஆள் இல்லை என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அண்ணாச்சி, நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். இருக்காகன்னா இருக்கேன். இல்லைன்னா நீங்கள் சொல்லிக் கேட்டுக்கிடுதேன். மத்தவுக சொல்லி நான் கழட்ட மாட்டேன்.’ கழட்ட மாட்டேன் என்றால் எதை என்று எழுதவில்லை. எழுதவேண்டியதும் இல்லை. குற்றாலிங்கம் கட்டிய தாலியை, வேறென்ன. விமான தளத்துக் குவார்ட்டர்ஸில் புதுசாகக் குடிவந்த அன்றைக்குச் சொதி வைத்துப் போட்டவள். தேங்காய்ப்பாலில் காய்கறி மிதப்பதைப் பார்த்துவிட்டு இவன், “என்னாம்மா இது, பாயசத்துல முருங்கைக்காயைப் போட்டுட்டியா?” என்று கேட்க, அவள் முகம் சிவந்துபோய் உள்ளே ஓடியதும், குற்றாலிங்கம், “ஏ உலகு, இவன் பெரம்பூர்க்காரன், ரயில் புகையைத் தின்னு வளந்தவன், இவனுக்கு என்ன தெரியும்!” என்று சிரித்ததும் நேற்று மாதிரி இருக்கிறது. அந்தப் பெண் இப்போது இவன் வாயைப் பார்த்துக்கொண்டு தென்காசியில் உட்கார்ந்திருக்கிறது. இவன் வாயை!

பொய் சொல்லுத ஆள் இல்லையாம். நன்றாகச் சொன்னார் சார்வாள், குற்றாலிங்கத்தின் அப்பா. முப்பது வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்த மனிதர், பொய் சொல்லுகிற பையனை முழியை வைத்தே பிடித்துவிடுவார் என்று குற்றாலிங்கம் பெருமையடிப்பான். ரேடியோவில் முழி தெரியாதே, சார்வாள். அன்றைக்கு வாய்க்கால் ஓரம் கணுக்கால் உடைந்து கிடந்தவனை ஊர்க்காரர்கள் நாலு சாத்து சாத்தி, அப்புறம் பட்டாளம் வந்து மீட்டு, ஒரு கூடாரத்தில் உட்காரவைத்து, மீசை வைத்த ஆபீசர் ஒருத்தர் மரியாதையாக டீ கொடுத்துக் கேட்டார், உன் பைலட் எங்கே? பேர், பதவி, நம்பர், இந்த மூன்றையும் தவிர எதுவும் சொல்லக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூன்று தடவை அதைத்தான் சொன்னான். நாலாவது தடவை புத்திசாலித்தனம் தலைதூக்கிவிட்டது. நெருப்போடு போன விமானம் ஒரு தோப்புக்குப் பின்னால் மறைந்ததையும், அப்புறம் கரும்புகை எழும்பியதையும் பாராசூட்டில் தொங்கிக்கொண்டே பார்த்தவன் அவன். மறைந்ததற்கும் புகைக்கும் நடுவே இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடிக்குள் குற்றாலிங்கம் குதித்திருக்கக்கூடாதா? குதித்துத் தோப்புக்குள் ஒளிந்திருக்கக்கூடாதா? எல்லை கிழக்கே பதினெட்டு மைல். அப்படியிருந்தால் இவர்களைக் கொஞ்ச நேரம் வேறு பக்கம் அலையவிட்டால் போதுமே! “அவன் எனக்கு முன்னாடியே குதிச்சிட்டான், வடமேற்கே, பத்து மைல் பின்னால்,” என்று ஒரே போடாகப் போட்டான். டீ கொடுத்தவர் வரைபடத்தில் வட்டம் போட்டார். எத்திராஜ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். நல்ல நேவிகேட்டர்! பொய்யான இடத்துக்கும் துல்லியமாக வழி சொல்லிவிட்டான். இரண்டு நாள் தேடினார்கள். ரேடியோவில் சொன்னார்கள். தென்காசியில் ஒரு கிழவனார் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தலையிலிருந்து பூவை எடுக்கப்போன மருமகளை நிறுத்தி, எடுக்காதே தாயி, இருக்கான் என்றார். நல்லதுக்குச் சொன்ன பொய்தான், சாமி சத்தியமாக நல்லதுக்குத்தான். யாரையோ திசைதிருப்பச் சொன்னது யார் யாரையோ திருப்பிவிட்டது.

சரி, அது டிசம்பர். ஜனவரியில் என்ன கேடு வந்தது உனக்கு? அதைச் சொல்லு. ஜனவரியில் இந்த முகாம் மேஜர் கூப்பிட்டனுப்பினார். கையில் ஒரு காகிதம். தோப்புக்கு அப்பால் விழுந்த விமானத்தில் ஓட்டுகிறவரின் ஆசனம் ஆசனத்தின் இடத்திலேயே இருந்தது, அதில் ஒரு ஆளும் இருந்தார், அடையாளம் ஒன்றும் மிஞ்சவில்லை, வாய்க்கால் ஓரத்திலேயே மரியாதையாக அடக்கம் பண்ணியிருக்கிறோம் என்றார். பேர் தெரியவில்லை, நீ சொன்னால் பட்டியலில் எழுதி உங்கள் நாட்டுக்கு அனுப்பிவிடலாம். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். எத்திராஜ் என்ன பண்ணினான்? “அது என் ஆள் இல்லை, சார். என் ஆள் முன்னாடியே குதிச்சிட்டான்.” முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதென்றால் இதுதான். மேஜர் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பேர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டு மூடிவைத்தார். ஒரு பேரைச் சொல்லியிருந்தால் போதும், குற்றாலிங்கம் என்று ஏழு எழுத்து. அந்த ஏழு எழுத்தும் பிப்ரவரியிலேயே தென்காசிக்குப் போயிருக்கும். அழவேண்டியதை அழுது முடித்து, அவளும் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? முதல் பொய் அம்பலமானால் அடிப்பார்களே என்ற பயமா? இல்லை. மேஜர் அடிக்கிற ஆள் இல்லை. ஆளோடு ஆசனம் கிடந்தது என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி வரும். ஏன் அவர் குதிக்கவில்லை? கைப்பிடியை இழுத்தால் ஆசனத்தோடு தூக்கி வெளியே எறிந்துவிடுமே, ஏன் இழுக்கவில்லை? மேஜர் கேட்கமாட்டார், அவருக்கென்ன போச்சு. ஆனால் கேள்வி அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டாய், எத்திராஜ். அப்புறம் மாதம் இரண்டு தாள் வீதம் அம்மாவுக்கு எழுதினாய். ரொட்டி தடியாக இருக்கிறது, பருப்பில் உப்பில்லை, கால் பரவாயில்லை. எட்டு மாதம் உப்பையும் பருப்பையும் எழுதினாய்.

சதுரம் பத்தாவது செங்கலில் பாதி ஏறியிருந்தது. ஒரு ஈ வந்து தாளில் உட்கார்ந்து, கமாவின்மேல் நடந்து, முன்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டது. அதை விரட்டக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதிவிட்டால் என்ன? தெரியாது. பார்க்கவில்லை. அது பாதி பொய்தானே. பாதி பொய் என்றால் பாதி மெய். அவள் பாதி சுமங்கலியாக இருப்பாளோ? அட தூ. ‘நம்பிக்கையோடு இருங்கள்’ என்று எழுதலாம். மந்திரிகள் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவளுக்கு இருபத்திமூன்று வயது. நம்பிக்கையோடு என்றால் எவ்வளவு நாளைக்கு? கைதிகளைத் திருப்பி அனுப்பப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. ஒரு நாள் எல்லையில் கதவைத் திறப்பார்கள், பதினாலு பேர் நடந்து போவோம், அந்தப் பக்கம் மாலையும் மேளமுமாக நிற்பார்கள். கூட்டத்துக்குள் அவளும் சார்வாளும் நிற்பார்கள், பதினைந்தாவது ஆளைத் தேடிக்கொண்டு. அந்த முகத்தை நினைத்தவுடன் விமானத்தின் கதவு கழன்ற சத்தம் காதில் கேட்டது. சே, அங்கே போகாதே. வேறு நினை. மேஜர் இந்தத் தாளைப் படிப்பார். ஓஹோ, ஜனவரியில் பொய்யா சொன்னாய் என்பார். திருப்பி அனுப்புகிற பட்டியலில் உன் பேரை அடித்துவிட்டால்? அம்மாவுக்கு ரத்த அழுத்தம். பார், பார், அம்மாவை இழுக்கிறான்! உனக்குத் தேவை என்றால் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவாய். சட்டம் கிடக்கட்டும், தமிழில் எழுதிவிடலாம், அதுதான் சரி, மனசில் இருப்பதை அந்தப் பாஷையில்தான் கொட்டமுடியும் என்று ஒரு யோசனை வந்தது. ரொம்ப உருக்கமான யோசனை. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. வந்த பிறகுதான் உறைத்தது, தமிழில் எழுதினால் போய்ச் சேர ஐந்து மாதம் ஆகும். ஐந்து மாதம் தப்பிக்கலாம். அடேயப்பா, கண்ணீருக்குள்ளேயும் கணக்குப் போடுகிறானே இவன்! ஆங்கிலத்தில் எழுதினால் இருபத்திமூன்று நாள், அம்மாவின் பதிலை வைத்துப் பார்த்திருக்கிறான். ஆனால் உலகம்மைக்கு ஆங்கிலம் வராது. சார்வாள்தான் பிரித்துப் படிப்பார். மூக்குக்கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் மனசுக்குள் படித்து, அப்புறம் மருமகளுக்குத் தமிழில் சொல்லவேண்டும். பெற்ற பிள்ளை செத்ததை வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்கவேண்டும். எந்தத் தகப்பனுக்கும் இந்தப் பரீட்சை வரக்கூடாது.

கதவில் பூட்ஸ் சத்தம். குல்ஜமான்தான். அதற்குள்ளா? இல்லை, இன்னும் தொழுகைக்கே அழைக்கவில்லை, சும்மா எட்டிப் பார்க்கிறான். நெட்டை மனிதன், குளிர் மலைப் பக்கம் ஊர், இந்த வெயிலில் அவனுக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அவன் பேசும் உருதுவில் எத்திராஜுக்குப் பாதி விளங்கும், மீதியைக் கை சொல்லும். கம்பிக்குள் கையை நீட்டி, “பென்சிலைக் கொடு, மதராஸி. மொட்டையா இருக்கும்,” என்றான். கைதிகளிடம் கத்தி இருக்கக்கூடாதென்பதால் அவனே சீவித் தருவான். சீவிக்கொண்டே தாளைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நேரமா ஒரு வரியா? யாருக்கு, பெண்டாட்டிக்கா?” என்று கண்ணடித்தான். “கூட்டாளியோட மனைவிக்கு,” என்றான் எத்திராஜ். “செத்துப்போன கூட்டாளியோட மனைவிக்கு.” சொல்லிவிட்டான்! நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. உருதுவில் அந்த வார்த்தை அவ்வளவு லேசாக வந்தது. குல்ஜமான் சீவுவதை நிறுத்தினான். “அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?” தெரியாது என்று தலையாட்டினான். குல்ஜமான் ஒரு ‘ச்ச்’ கொட்டினான். அப்புறம் யாரிடமோ சொல்லுகிற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு, “என் தம்பி உங்க நாட்டுல கைதி. மாசா மாசம் எழுதுறான், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு. கூட இருந்த பக்கத்து வீட்டுக்காரன் என்ன ஆனான்னு மட்டும் எழுத மாட்டேங்கிறான். அவங்கம்மா தினம் எங்க வீட்டு வாசல்ல வந்து உட்காருது. கல்லெடுத்து எறியலாம்போல இருக்கு.” “யார்மேல?” என்று கேட்டான் எத்திராஜ். “என் தம்பிமேலதான். வேற யார்மேல? அந்தக் கழுதைக்கு எழுத என்ன கேடு?” என்று சொல்லி, கூராக்கிய பென்சிலை ஊதிக் கம்பிக்குள் நீட்டினான். “தொழுதுட்டு வர்றேன். எழுதி வை.” பூட்ஸ் சத்தம் போய்விட்டது. கழுதைக்கு என்ன கேடு. சொல்லட்டுமா என்ன கேடு என்று? உன் தம்பிக்கு என்னவோ, எனக்குத் தெரியாது. இந்தக் கழுதைக்கு என்ன கேடு என்று சொல்லுகிறேன். வலது கை தொடைமேல் ஒரு தட்டுத் தட்டியது. தட்டிவிட்டு அந்தரத்தில் நின்றது. எட்டு மாதமாக இதுதான். கூட இருப்பவர்கள் நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள்.

அந்த விமானத்தை வரைந்தவன் ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான் வெடித்து எறிகிற ஆசனம் வைத்தான். நேவிகேட்டருக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு, முதுகில் ஒரு பாராசூட், பிழைத்துப் போ. அதனால் ஒரு முறை உண்டு. ஆபத்தென்றால் ஓட்டுகிறவன் விமானத்தை ஆடாமல் அசையாமல் நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். நேவிகேட்டர் கதவைக் கழற்றிவிட்டு வெளியேறவேண்டும். அதற்கப்புறம்தான் ஓட்டுகிறவன் தன் ஆசனத்தின் கைப்பிடியை இழுக்கலாம். முன்னால் இழுத்தால் விமானம் குப்புறக் கவிழும், உள்ளே இருப்பவன் கதி அதோகதி. ஆனால் குதிக்கும்போது காதோடு வரும் பேச்சுக்கம்பியைப் பிடுங்கியாகவேண்டும். பிடுங்கிவிட்டால் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்காது. ஓட்டுகிறவன் உயரத்தில் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பான், கதவு அவன் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் இவர்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள், தரையில், நிற்கிற விமானத்தில், வேர்க்கடலை தின்றுகொண்டே. குற்றாலிங்கம் தன் வலது முழங்காலைக் காட்டி, “வே எத்திராஜு, இதுல ஒரு தட்டு தட்டினா, வாசல்ல நிக்கேன்னு அர்த்தம். ரெண்டாவது தட்டுன்னா, வாரேன், கும்பிடுதேன்னு அர்த்தம். சரியா?” என்றான். “நான் ரெண்டாவது தட்டை மறந்துட்டா?” என்று இவன் விளையாட்டுக்குக் கேட்டான். விளையாட்டுக்குத்தான். “மறந்தீர்னா நான் என்ன பண்ண? உம்மை உள்ள வச்சுக்கிட்டு நான் மட்டும் போனா உலகு என்னைச் சோறு போடாம வெரட்டிருவா. அந்தத் தட்டு விழுற வரைக்கும் நான் கிளம்ப மாட்டேன்,” என்றான். கடலைத் தோலை இவன்மேல் ஊதினான். அவ்வளவுதான் பேச்சு. எத்தனையோ பேச்சுப் பேசினார்கள், அதில் இது ஒன்று.

விடிந்தும் விடியாத நேரம் அது. குண்டைப் போட்டுவிட்டுத் திரும்புகிற வழி. இறக்கையில் அடி. தீ. “எத்திராஜு, கிளம்பும்,” என்றான், பஸ்ஸைப் பிடிக்கச் சொல்கிறவன் மாதிரி. பதற்றமே இல்லை. கதவு கழன்றது. காற்று உள்ளே வந்து வரைபடங்களை அள்ளிக்கொண்டு போயிற்று. கம்பியைப் பிடுங்கினான். முழங்காலில் ஒரு தட்டு. விமான உடைக்குள் அந்த முழங்கால் கெட்டியாக, சூடாக இருந்தது. விமானம் அப்படியே நிமிர்ந்து நின்றது, தீ பிடித்த விமானம் என்று சொல்லமுடியாது, அவ்வளவு அழகாகப் பிடித்திருந்தான். எத்திராஜ் காலிரண்டையும் வெளியே போட்டு விளிம்பில் உட்கார்ந்தான். கீழே பார்த்தான். பார்த்திருக்கக்கூடாது. கீழே வயல், ஒரு வாய்க்கால், ஒரு மாடு. ஒரு மாட்டைப் பார்த்துக் கை கால் விளங்காமல் போய்விட்டது. மனசு எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. போ, போ என்கிறது. உடம்பு மாட்டேன் என்கிறது. பதினொன்று. அதற்குப் பிறகு குதித்தானா, விழுந்தானா, காற்று பிடுங்கிக்கொண்டதா, தெரியாது. இது சத்தியமாகத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். கை இரண்டும் கதவு விளிம்பை இறுகப் பிடித்திருந்தன. இரண்டாவது தட்டு விழவில்லை. பாராசூட் விரிந்து நிமிர்ந்தபோது விமானம் எதிரே நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருந்தது. ஆடவில்லை. அசையவில்லை. உள்ளே இல்லாத ஒருத்தனுக்காக நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. ‘இழுடா! நான் வெளியே இருக்கேன்டா! குத்தாலம், இழுடா!’ என்று வானத்தில் தொங்கிக்கொண்டு கத்தினான், தொண்டை கிழியக் கத்தினான். யாருக்குக் கேட்கும்? கத்திக்கொண்டே எண்ணினான், பாழாய்ப்போன புத்தி. இருபத்திரண்டு வினாடி. இருபத்திரண்டு வினாடி அந்த மனிதன் முழங்காலில் ஒரு தட்டுக்காகக் காத்திருந்தான். உயரம் குறையக் குறையக் காத்திருந்தான். இவன் பயந்துகொண்டிருக்கிறான், பாவம், கொஞ்சம் நேரம் கொடுப்போம் என்று நினைத்திருப்பான். அப்படித்தான் நினைத்திருப்பான், அவன் புத்தி எத்திராஜுக்குத் தெரியாதா? அப்புறம் தோப்பு.

பள்ளிவாசல் அழைப்பு கேட்டு ஓய்ந்துவிட்டது. எப்போது கேட்டது என்றே தெரியவில்லை. சதுரம் பதினொன்றின் விளிம்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. பென்சில் எழுத ஆரம்பித்திருந்தது. ஆங்கிலம் ஒரு விதத்தில் சௌகரியம்தான், அதில் அழத் தெரியாது அவனுக்கு. உங்கள் கணவர் உயிரோடு இல்லை. அன்று காலையே இறந்துவிட்டார். என் கண்ணால் பார்த்தேன். முதலில் குதித்தார் என்று ரேடியோவில் வந்தது நான் சொன்ன பொய், எதிரிகளைத் திசைதிருப்பச் சொன்னது. ஜனவரியில் உடல் கிடைத்த செய்தி வந்தபோது அது அவர் இல்லை என்று சொன்னதும் நான்தான். அதற்கு நல்ல காரணம் எதுவும் இல்லை. வாய்க்கால் ஓரத்தில் மரியாதையாக அடக்கம் செய்திருக்கிறார்கள். பன்னிரண்டு கோடு ஆயிற்று. இன்னும் எட்டு இருந்தது. ‘வீர மரணம் எய்தினார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும். அதுவும் பொய்யில்லையே. அவள் கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லி அந்தக் கிழவனார் தலையிலும் ஏன் கல்லைப் போடவேண்டும்? சார்வாள் உன்னைப் பிள்ளை மாதிரி நினைக்கிறார். உலகம்மை அண்ணாச்சி என்கிறாள். இங்கேயிருந்து போனால் தென்காசிக்குப் போகலாம், அவர்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடலாம், அவன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து அவனைப்பற்றிப் பேசலாம், அவர்கள் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். உனக்கும் அழ ஒரு இடம் வேண்டாமா? வேண்டும், ரொம்ப வேண்டும். சாப்பாட்டு இலையில் சொதியைக் கண்ணால் கண்டான். அவன் போட்ட சோற்றையே அவன் இல்லாத வீட்டில் உட்கார்ந்து தின்ன ஆசைப்படுகிறாயா, எத்திராஜ்? பென்சில் அடுத்த கோட்டுக்கு இறங்கியது. அவரால் தப்பியிருக்கமுடியும். நான் வெளியேறிவிட்டேன் என்று முழங்காலில் தட்டிச் சொல்லவேண்டியது என் கடமை. பயத்தில் தட்டாமலே போய்விட்டேன். நான் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்து அவர் காத்திருந்தார். எனக்காகக் காத்திருந்தார். மன்னிப்புக் கேட்கிற வரிக்கு இடம் இருந்தது. எழுதவில்லை. பேரை மட்டும் போட்டான்.

குல்ஜமான் வந்தான். முகம் கழுவிய ஈரம் தாடியில் இருந்தது. தாளை வாங்கி, முழுக்க எழுதியிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, “ஷாபாஷ்,” என்று சொல்லி மடித்துப் பைக்குள் போட்டான். “சீக்கிரம் போகுமா?” என்று எத்திராஜ் கேட்டான். “இன்னைக்கே ஆபீசுக்குப் போகும். அதுக்கு மேல அல்லா விட்ட வழி.” அடுத்த அறைக் கதவைத் தட்டப் போய்விட்டான். எத்திராஜ் கண்ணை மூடிக்கொண்டான். பாரம் இறங்கும் என்று எங்கேயோ படித்திருக்கிறான். ஒன்றும் இறங்கவில்லை. இருபத்திமூன்று நாள். இன்றைக்குத் திங்கள். புத்தி பாட்டுக்கு எண்ண ஆரம்பித்தது. ஆடி கடைசி வெள்ளி இந்த வாரம். அதற்கப்புறம் ஆவணியில் இரண்டு. ஆக மூன்று வெள்ளிக்கிழமை. கடிதம் வழியில் வந்துகொண்டிருக்கும். அவள் விடியற்காலையில் எழுந்து, தலைக்கு ஊற்றி, தாலிக்கு மஞ்சள் தேய்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவாள். புருஷன் பேருக்கு அர்ச்சனை சொல்லிவிட்டு, அண்ணாச்சி நல்லபடியாக வரவேண்டும் என்று இவன் பேரையும் சொல்லுவாள். மூன்று வெள்ளிக்கிழமை சொல்லுவாள். அதை நிறுத்தச் சொல்ல இந்தப் பூமியில் ஒரு வழியும் இல்லை. முற்றத்தில் யாரோ, “எத்திராஜ், ஒரு ஆள் குறையுது, வாய்யா விளையாட,” என்று கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.